இருட்டு விழுந்த பக்கம்

முன்னொரு காலத்தில், இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே, களிமண்ணால் கட்டிய ஒரு நகரத்தை இபிக்கு என்ற ராஜா ஆண்டுவந்தார். அன்று காலை சபையில் இருந்தவர்கள்: ராஜா, ராணி, மந்திரி லூநன்னா, ஆட்டு ஈரலைப் பார்த்துக் குறி சொல்லும் சில்லுஷ், காவலர் இருவர், ராஜாவின் பானத்தை முதலில் குடித்துப் பார்ப்பவன் ஒருவன், குறிக்காகக் கட்டியிருந்த செம்மறியாடு ஒன்று. ஆக எட்டு.

ராஜா யாரையும் நம்பமாட்டார். ராணி சிரித்தால்கூட ஏன் சிரித்தாய் என்பார். போதாததற்கு, முந்தின இரவு கிரகணம்; சந்திரனை இருள் பிடித்திருந்தது.

"மகாராஜா, சந்திரன் கறுத்தால் சிம்மாசனத்தில் இருப்பவருக்குச் சாவு," என்றான் சில்லுஷ். "பழைய வழக்கப்படி வேறொருவருக்கு முடிசூட்டி உட்காரவைப்போம். கேடு அவரைப் பிடிக்கும். பிறகு நஞ்சு கொடுத்து அனுப்பிவிடலாம். அதுவரை நீங்கள் உழவன் வேஷத்தில் இருந்தால் போதும்."

"யாரை உட்காரவைப்பது?"

"தெய்வங்கள் நம்பவேண்டுமே! ராஜகளை உள்ள முகம் நம் மந்திரிக்குத்தான்."

ராஜாவின் பார்வை லூநன்னாமேல் நின்றது. "என்ன ஓய், சம்மதமா?"

லூநன்னா இரண்டு பதிலையும் எண்ணிப் பார்த்தார். மாட்டேன் என்றால் ராஜா சாகட்டும் என்று நினைத்ததாகிவிடும். சரி என்றால் சிம்மாசனத்தின்மேல் ஆசை என்றாகிவிடும். ஓரக்கண்ணால் ஆட்டைப் பார்த்தார். ஈரலைப் பார்க்காமல் மழை வருமா என்றுகூடச் சொல்லாத சில்லுஷ், இன்று கத்தியையே தொடவில்லையே! ஈரல் வேறு குறி காட்டினால் ராஜாவும் எட்டிப் பார்த்துவிடுவார் என்ற பயமோ?

"தங்கள் உயிருக்காகச் சம்மதம், மகாராஜா."

லூநன்னாவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துக் கிரீடம் வைத்தார்கள். ராஜா உழவனின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே நின்றார்.

"சில்லுஷ், இப்போது நான் மெய்யான ராஜாவா?" என்று கேட்டார் லூநன்னா.

"சந்தேகமில்லாமல்! இல்லாவிட்டால் கேடு உங்களைப் பிடிக்காதே."

"கேடு பிடித்த ராஜா என்ன செய்யவேண்டும்?"

கம்பளிக்குள்ளிருந்து ராஜாவே முந்திக்கொண்டு சொன்னார்: "வேறொருவரை உட்காரவைக்கவேண்டும்."

"அப்படியானால் சில்லுஷை உட்காரவைக்கிறேன்," என்றார் லூநன்னா. " அவருக்குப் பிறகு யாரும் வேறு ஆளைக் கைகாட்டக் கூடாது. இது ராஜாவின் ஆணை."

லூநன்னா இறங்க, காவலர்கள் சில்லுஷைத் தூக்கிச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். "நஞ்சைக் கொண்டுவாருங்கள்," என்றார் லூநன்னா.

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறினான் சில்லுஷ். "சந்திரனில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. இருட்டு விழுந்தது ஏலாம் நாட்டின் பக்கத்தில்! கேடு அந்த ராஜாவுக்கு. நமக்கு ஒன்றுமில்லை!"

"மந்திரி உட்கார்ந்தபோது இருட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தது?" என்று கேட்டார் ராஜா.

சில்லுஷ் சிம்மாசனத்திலிருந்து இறங்கி அவர் காலில் விழுந்தான்.

"ஏலாம் ராஜாவுக்கு உரிய சேதியை அவரிடமே போய்ச் சொல்லும்," என்றார் ராஜா. " அவருக்கும் ஒரு மாற்று ஆள் தேவைப்படும். உமக்கும் ராஜகளை உண்டு, ஓய்!"

ராஜா கிரீடத்தைத் திரும்ப வைத்துக்கொண்டு, தம் மோதிரத்தைக் கழற்றி லூநன்னாவுக்கு அணிவித்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சிம்மாசனம் மெத்தென்று இருந்ததோ?"

"முள்ளாகக் குத்தியது, மகாராஜா."

அன்று பொழுது சாயும்போது சபையில் மிஞ்சியவர்கள், அறுபடாத ஆட்டையும் சேர்த்து, ஏழு.