முந்துபூவுக்கு ஒரு நிழல்

பெரியோரும் சிறியோரும் கேளுங்கள். ஆறுகளுக்குப் பெயர் வைக்கப்படாத காலத்தில், வெயில் மிகுந்த நாடொன்றை ஓர் அரசன் ஆண்டான். அவன் பெயரைச் சிலர் வெண்கோடன் என்பர். சிலர் வெண்கண்ணன் என்பர். அவன் பிடிவாதக்காரன் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசனுக்கு உரிய எதன்மீதும் அவனது வெண்கொற்றக்குடையின் நிழலன்றிப் பிற நிழல் விழலாகாது. ஆகவே அரண்மனை முற்றத்தில் ஒரு மரமும் இல்லை. அரசனின் தேரும் யானையும் பசுவும் வெயிலில் நின்றன. அவை குறை சொன்னதாகச் செய்தி இல்லை.

ஓர் இளவேனிலில், பனிமலை நாட்டு வேந்தன் நட்பின் அடையாளமாக மூன்று செடிகளை அனுப்பினான். சுருக்கம் விழுந்த இலை, மஞ்சள் மொட்டு. மற்றப் பூக்கள் விழிக்குமுன் பூப்பதால் மலைமக்கள் அதை முந்துபூ என்றார்கள். பனியில் புதைந்தாலும் அது சாகாது.

"மரத்தடியில் நடுங்கள். மண் உலர விடாதீர்கள். இலையுதிர் காலத்தில் வந்து பார்ப்பேன்" என்றான் தூதன்.

"அரசர் பூ மரத்தடியிலா?" என்று சிரித்தார் அமைச்சர் பெருங்கிழார். செடிகள் முற்றத்தின் நடுவே, பளிங்கு மேடையில் ஏறின.

முதல் நாள் ஒரு செடி கருகியது. பன்னீர் தெளித்தார்கள். இரண்டாம் நாள் இன்னொன்று கருகியது. முரசு அறைந்தார்கள். மூன்றாம் நாள் கடைசிச் செடி தலை சாய்த்தது.

அமைச்சர் தோட்டக்காரி நொச்சியை அழைத்தார். "இதுவும் பட்டுப்போனால் மலைநாட்டு நட்பும் பட்டுப்போகும். அன்றே நீயும் உன் கணவனும் நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும்."

"அவருக்கு முழங்கால் வலி, ஐயா. எல்லை தொலைவு."

"அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்."

நொச்சி அரசனிடம் போனாள். "அரசே, தங்கள் குடைநிழலில் ஏழுலகமும் குளிர்ந்திருப்பதாகப் புலவர்கள் பாடுகிறார்கள்."

"உண்மைதான்."

"செடி அந்த ஏழுக்கும் நான்கு முழம் வெளியே நிற்கிறது, அரசே."

அரசன் குடையோடு வந்தான். குடையைத் தாழ்த்தினால்தான் செடிக்கு நிழல். தாழ்த்தினால் அரசனுக்கு இல்லை. குடையை விட்டு அரசன் அகல்வதும் முறையன்று. ஆகவே குடையைச் செடிக்குத் தாழ்த்தச் சொல்லி, அரசன் பக்கத்தில் வெயிலில் அமர்ந்தான். முதல் நாள் செடியைப் பார்த்தான். இரண்டாம் நாள் வானத்தைப் பார்த்தான். மூன்றாம் நாள் மதிலுக்கு வெளியே நின்ற புங்கமரத்தைப் பார்த்தான்.

"அம்மரம் யாருடையது?"

"யாருடையதும் அன்று, அரசே. அதனால் நிழல் தருகிறது" என்றாள் நொச்சி.

அரசன் எழுந்து போய் அதன் அடியில் அமர்ந்தான். பெருங்கிழார் பின்னால் ஓடினார். "அரசே, தங்கள்மேல் பிற நிழல்..."

"முழுவதையும் சொல்லும், பெருங்கிழாரே. அங்கேயே வெயிலில் நின்று சொல்லும்."

அமைச்சர் பாதியில் நிறுத்திவிட்டு மரத்தடிக்கு வந்தார். நொச்சி செடியைக் கொண்டுவந்து அரசன் பக்கத்தில் நட்டு, இலைச்சருகு பரப்பி நீர் விட்டாள். ஒன்பதாம் நாள் ஐந்து பூக்கள் மலர்ந்தன.

பூக்காலம் முடிந்ததும் அவள் தூரைப் பெயர்த்து, வேரோடு மூன்றாகப் பிரித்து நட்டாள். இலையுதிர் காலத்தில் தூதன் வந்து எண்ணினான். மூன்று இருந்தன. நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று பெருங்கிழாரைப் பாராட்டினான். அவர் அதை மறுக்கவில்லை.

ஓர் உயிருக்கு அதன் இயல்பு கேட்பதைத் தருவதே அதற்குச் செய்யும் மரியாதை.