ஓரம் வெளுத்த புத்தகங்கள்

பெயின்ட் அடிக்கிறவர்கள் சுவரைத் தேய்க்கிற உப்புத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, புத்தகங்களின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை இறுக்கி மூடி, இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே போக்கில் இழுக்க வேண்டும். எதிர்ப்போக்கில் இழுத்தால் தாள் பிசிறடித்துவிடும். நாலு இழுப்பில் கறுப்பு போய்விடும். உள்ளே வெள்ளை தெரியும். அதைப் பார்க்கப் பார்க்க அடுத்த புத்தகத்தை எடுக்கத் தோன்றும்.

எங்கள் அரசுப் பள்ளியில் நூலகம் என்பது ஒரே ஒரு அறை. அதற்குப் பொறுப்பு எமல்டா டீச்சர். நான் அவர்களுக்கு உதவியாள். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, வாங்கி வைப்பது, அடுக்குவது, பெருக்குவது. டீச்சர் என்னைவிட இளையவர்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் எனக்கு அவர்கள்தான் குரு. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தலைப்பக்கம் பிடித்து இழுக்கக் கூடாது, இடுப்பைப் பிடித்து எடுக்க வேண்டும் என்பதுகூட அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் கல்வி அதிகாரி வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குத் திருப்தி என்றால் அறை நூலகமாகவே இருக்கும். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வருகிற இலவசப் பை, செருப்பு எல்லாவற்றையும் இதில் அடுக்கிவிடுவார்கள். புத்தகங்கள் சாக்கில் கட்டிப் பரண்மேல் போகும். பரண்மேல் போனது எதுவும் இந்தப் பள்ளிக்கூடத்தில் கீழே இறங்கியதில்லை.

காலையில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏம்மா இசக்கி, அதிகாரி கண்ணுல ஒரு அழுக்கு படக் கூடாது. பளிச்சுன்னு இருக்கணும்."

"இருக்கும் சார்."

சாயங்காலம் எமல்டா டீச்சர் வந்தபோது அறை முழுக்கத் தாள்தூசி. என் இமை, முடி எல்லாம் வெள்ளை.

"என்னக்கா இது, மாவு மில்லு மாதிரி?"

"ஓரத்தைப் பாருங்க டீச்சர். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி இல்ல?"

டீச்சர் ஒரு புத்தகத்தை எடுத்தார்கள். ஓரத்தை விரலால் தடவினார்கள். இன்னொன்றை எடுத்தார்கள்.

"எல்லாத்தையுமா?"

"இதான் கடைசி."

டீச்சர் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

"ராத்திரி கை வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்க."

அவ்வளவுதான் சொன்னார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் அதிகாரி வந்தார். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"அக்கா, புத்தகத்துக்கெல்லாம் கல்யாணமா?" என்றாள் ஒருத்தி.

"சத்தம் போடாதட்டி" என்றேன்.

அதிகாரி ஒரு புத்தகத்தை உருவினார். கட்டைவிரலால் ஓரத்தைச் சர்ரென்று தள்ளிவிட்டு உள்ளே வைத்தார். இன்னொன்றை உருவினார். பிறகு வேறு தட்டிலிருந்து ஒன்று.

"புத்தம் புதுசா இருக்கே."

"ஆமா சார்." தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் பல்.

"எப்ப வாங்கினது?"

"அது ஆச்சு சார், நாலஞ்சு வருஷம்."

"நாலஞ்சு வருஷமா ஒரு பிள்ளைகூடத் தொடலையா?"

தலைமையாசிரியரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நானும் இந்த மாதிரி பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான். பிள்ளைங்க கை பட்ட புத்தகத்துக்கு ஓரத்துல கறுப்பா ஒரு கரை விழுந்திருக்கும், வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி. எதுவரைக்கும் படிச்சாங்களோ அதுவரைக்கும் கறுப்பு. அதுக்கப்புறம் வெள்ளை. இங்க எல்லாமே வெள்ளையால்ல இருக்கு?"

நாலு இழுப்பில் நான் எடுத்தது அந்தக் கரையைத்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா வேலை பார்க்கிறே?"

"புத்தகத்தை அழுக்கில்லாம வச்சிருக்கேன் சார்."

"அதான் தெரியுதே."

ஜன்னலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி அறையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"செருப்புப் பெட்டி எல்லாம் இந்தச் சுவரோரம் வச்சிரலாம்ல?"

"தாராளமா வைக்கலாம் சார்" என்றார் தலைமையாசிரியர்.

நான் டீச்சரின் முந்தானையை இழுத்தேன்.

"டீச்சர், நான்தான் தேய்ச்சேன்னு சொல்லிருதேன்."

"சொன்னா நம்புவாங்களாக்கா?"

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா, ரூம் போயிருமேன்னு கதை கட்டுதேன்னு நினைப்பாங்க."

அந்த நேரம் பார்த்து சத்துணவு அம்மா வாசலில் வந்து நின்றார்கள். தலைமையாசிரியர் அறையில் வடையும் டீயும் ஆறுகிறதாம்.

"ஆறவிடாம இங்கயே கொண்டாங்க" என்றார்கள் டீச்சர்.

எனக்குத் திக்கென்றது. புத்தகம் இருக்கிற இடத்தில் வாயில் போடுகிற எதுவும் வரக் கூடாது. மிட்டாயோடு வருகிற பிள்ளையைக்கூட வாசலிலேயே நிறுத்தி, தின்று முடித்துக் கை கழுவிவிட்டு வரச் சொல்கிறவள் நான்.

"டீச்சர், இங்க திங்கக் கூடாதே."

"கூடாதுதான்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

அதிகாரி விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியவர் போலிருந்தது. ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு இரண்டாவதையும் தட்டில் வைக்கவிட்டார். உளுந்த வடை. பிடித்த இடத்தில் எண்ணெய் கசிந்தது. டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, விரித்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வழிதவறி ஊருக்குள் வந்துவிட்ட ஒரு கடலாமையின் கதை.

"சாப்பிடுற வரைக்கும் சும்மா பாருங்க சார்."

"ஆமைக் கதையா?" என்று மேலாகப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். ஒரு வரி பார்த்தார். இன்னொரு கடி. பக்கம் முடிந்தது. திருப்பினார். திருப்பியது வடை பிடித்த கை.

நான் பதறி எழப்போனேன். டீச்சர் என் தோளில் கையை வைத்து அமர்த்திவிட்டார்கள்.

அடுத்த பக்கமும் திரும்பியது. அதற்கடுத்ததும். டீயில் ஆடை படிந்தது.

"சார், அடுத்து எட்டாம் வகுப்பு கணக்கு..." என்றார் தலைமையாசிரியர்.

"இருங்க."

ஜன்னலில் ஒருத்தி மூச்சுவிடாமல் சொன்னாள்:

"இப்ப பாரு, ஆமை கிணத்துல விழப்போகுது."

"சொல்லாதே!" என்று அதிகாரி அதட்டினார். அதட்டிவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன் சார்."

"நானும்!"

"நான் மூணு தடவை!"

"பொய் சார், அவ படம் மட்டும்தான் பாத்தா!"

"நீதான்ட்டி படம் பாத்தே! கிணத்துல அது யார்கூடப் பேசுச்சு, சொல்லு பாப்போம்?"

"தவளைகூட!"

"தவளை பிறவு வரும். முதல்ல வாளிகூட!"

ஜன்னலில் பெரிய சண்டையாகிவிட்டது. கதை முழுவதும் வெளியே வந்துவிடும் போலிருந்தது. அதிகாரி இரண்டு கையையும் தூக்கி, "போதும், போதும்" என்றார். அப்போதுதான் புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தார். வெள்ளைவெளேர் என்று இருந்த ஓரத்தில், அவர் படித்த அளவுக்கு, மஞ்சளாக எண்ணெய் இறங்கியிருந்தது.

"அடடா." கைக்குட்டையை எடுத்தார்.

"விடுங்க சார், துடைக்காதீங்க" என்றார்கள் டீச்சர்.

கைக்குட்டை அவர் கையிலேயே நின்றது. புத்தகத்தைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். உப்புத்தாள் உரசி நுனியெல்லாம் தோல் போய்ச் சிவந்து கிடந்தன. முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"நீ தேய்ச்சியாம்மா?"

தலையாட்டினேன்.

"எல்லாத்தையுமா?"

அதற்கும் தலையாட்டினேன். குனிந்த தலை நிமிரவில்லை. அதிகாரி சிரித்த சத்தம் மட்டும் கேட்டது. கேலியாக இல்லை. வீட்டு ஆம்பிளைகள் சட்டி கவிழ்ந்தால் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

வெளியே ஜீப் உறுமியது. டிரைவர் ஹாரன் அடித்தார். அதிகாரி எழுந்தார். எழுந்தவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கடைசியில ஆமை கடலுக்குப் போயிருதா?"

ஜன்னலில் அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்தன. டீச்சர் ஒரு விரலைத் தூக்கினார்கள். அத்தனையும் மூடிக்கொண்டன.

"எடுத்துட்டுப் போங்க சார். படிச்சிட்டுத் திருப்பித் தாங்க."

"திருப்பித் தர இங்க வரணுமே."

"இங்க எடுத்தா இங்கதானே சார் தரணும்? வரும்போது இந்த ரூம் இருந்தாப் போதும்."

அதிகாரி டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் பாட்டுக்குக் காலித் தட்டை எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்போ செருப்புப் பெட்டி சார்?" என்றார் தலைமையாசிரியர்.

"உங்க ரூம்ல ஒரு சோபா கிடக்கே, அதை வெளியே எடுத்தா இடம் நிறைய இருக்குமே" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதிகாரி நடந்தார்.

மணி அடித்தது. கதவைத் திறந்ததும் பிள்ளைகள் வெள்ளம் மாதிரி உள்ளே வந்தார்கள். இழுத்தார்கள், பிடுங்கினார்கள், தரையில் உட்கார்ந்தார்கள். நான் கை கழுவினார்களா என்று கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. வடை தின்ற மேஜையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே டீச்சரிடம் கேட்டேன்.

"நேத்தே தெரியும்ல உங்களுக்கு? ஏன் திட்டலை?"

"திட்டினா போன கறுப்பு வந்திருமாக்கா?"

"இனிமே தேய்க்க வேண்டாமா?"

"பிசுபிசுன்னு ஒட்டினா, எறும்பு வந்தா, தேய்க்கத்தானே செய்யணும்."

"தேய்ச்சா, தொடவே இல்லைங்காங்க. தேய்க்காம விட்டா எறும்பு அரிச்சிரும். எனக்கு ஒண்ணும் பிடிபடலை டீச்சர். என்ன வேலை பாக்கேன்னு அவர் கேட்டாரே, இன்னொரு நாள் யாராவது வந்து அதையே கேட்டா, நான் இங்க எதுக்கு..."

"இசக்கியக்கா!"

ஜெனிலா கூப்பிட்டாள். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை. அலமாரிக்கு அடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். ஒரு வரியின் நடுவில் விரலை ஊன்றியிருந்தாள், எடுத்தால் ஓடிப்போய்விடும் என்பது மாதிரி.

"அக்கா, இங்க வாங்களேன். இதுக்கு மேல போகத் தெரியலை."

எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால்தான் வரும். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"டீச்சர், பிள்ளை கூப்பிடுது."

டீச்சர் தலை நிமிரவில்லை. சிதறிக் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இடுப்பைப் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எம்பேரையா சொன்னா?"