மஞ்சன் பதித்த காசு

ஏரிக்கரை ஈச்ச மரத்தில் மஞ்சன் என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவி வந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், இல்லாவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். அந்தப் பருவத்தில் மஞ்சனிடம் யாருமே தங்கவில்லை. கவலையில் அதற்குத் தீனியே இறங்கவில்லை.

ஒருநாள் கரையில் ஒரு சின்னக் காசு கிடந்தது. வழக்கமான வெள்ளைக் காசு அல்ல, மஞ்சளாக மின்னியது. தங்கமேதான் என்று மஞ்சன் தலைகால் புரியாமல் தூக்கி வந்தது. கூட்டுக்குள் ஈரச் சேறு வைத்து அதைப் பதிக்கப் போனது.

கீழ்க்கிளை அணில் எட்டிப் பார்த்தது. “விளிம்பைப் பாரப்பா. பூச்சு என்றால் அங்கேதான் முதலில் தேயும். தங்கம் என்றால் தேய்ந்த இடமும் மஞ்சளாகவே இருக்கும்.”

“உனக்கு வயிற்றெரிச்சல்!” என்று மஞ்சன் அதை விரட்டியது. அணில் போனதும் திருட்டுத்தனமாக விளிம்பைப் பார்த்தது. ஓரிடத்தில் வெள்ளை பல்லிளித்தது. மஞ்சனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மனம் விடவில்லை. வெள்ளை தெரிந்த பக்கத்தைச் சேற்றுக்குள் திருப்பி அழுத்திவிட்டது.

மறுநாள் ஒரு பெண் குருவி வந்தது. நார்களை இழுத்தது, முடிச்சைக் கொத்தியது, தொங்கி ஆடியும் பார்த்தது. கூடு அசையவில்லை. மஞ்சன் சும்மா இருந்திருக்கலாம். “காசைப் பார், சுத்தத் தங்கம்” என்றது.

பெண் குருவி காசையும் இழுத்தது. அது சேற்றோடு பெயர்ந்து வந்தது. விளிம்பு வெளுத்திருந்தது.

“அந்த அணில்தான் பொறாமையில் சுரண்டிவிட்டது” என்றது மஞ்சன். அணில் கீழே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“வெளுத்த இடத்தின் மேல் உன் சேறு காய்ந்திருக்கிறதே. இந்தப் பக்கத்தை உள்ளே வைத்தது யார்?” என்று பெண் குருவி மஞ்சனைக் கேட்டது.

மஞ்சனுக்கு அணிலின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

“உன் முடிச்சுகள் எனக்குப் பிடித்திருந்தன. காசு இல்லாமலே தங்கியிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் பெண் குருவி பறந்துபோனது.

அந்த உறுதியான கூட்டில் மஞ்சன் தனியே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது.

தெரிந்தே பொய்யை மறைத்து, பழியைப் பிறர்மேல் போடுபவர் தம்மிடம் உள்ள உண்மையான நன்மைக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடுகிறார்.