கிழக்குப் பக்கத்து ஜன்னல்

பிச்சாண்டிக்கு அறுபத்தாறு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட கருணாகர சாமிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மலையடி மடத்துக்கு நடந்தே வந்த பிச்சாண்டி, மூச்சு வாங்கியபடி மூன்று படங்களைத் தரையில் பரப்பினார்.

ஆலையில் சுவர்களைச் செய்து, லாரியில் கொண்டுவந்து, சில நாளில் பூட்டி நிறுத்தும் வீடுகள் அவை. பழைய வீடு இனி ஒரு மழை தாங்காது. ஜன்னல் எங்கே என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சுவர் வந்த பிறகு வெட்ட முடியாது. இன்று மாலைக்குள் கம்பெனிக்காரரிடம் ஒரு படத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"பொண்ணு பார்க்கிற மாதிரி இல்ல இருக்கு," என்றார் சாமி. "எது பிடிச்சிருக்கு?"

"ஆறு மாசமா பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு சாமி. நீங்களே ஒண்ணைக் காட்டுங்க."

சாமி முதல் படத்தைத் தொட்டார். சமையலறைக்குக் கிழக்கே பெரிய ஜன்னல். பிச்சாண்டி வேண்டாம் என்றார். கிழக்கே தம்பி ஏழுமலையின் வாசல். அப்பா செத்த பதினாறாம் நாள், காரியம் முடிந்த கையோடு, கிணற்றுக்குப் போகும் பொது வழியில் வேலி போட்டவன் அவன். பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை. மறக்கிற காரியமா அது?

இரண்டாவதில் கிழக்கே திறந்த தாழ்வாரம். அதுவும் வேண்டாம். காலையில் எழுந்தால் அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதில் கிழக்குச் சுவர் முழுக்க மூடியிருந்தது. பிச்சாண்டியின் விரல் அங்கேயே நின்றது.

"வீட்டம்மா என்ன கேட்டாங்க?"

பிச்சாண்டியின் மனைவி அஞ்சலைக்கு ஐந்து வருடமாக இளைப்பு நோய். தாளிக்கிற புகைக்கே வெளியே ஓடி வந்து உட்கார்ந்துவிடுவாள். புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அடுப்புக்கு நேரே ஒரு ஜன்னல். மேற்கே பாறை. அந்த மனைக்குக் காற்று வருவது கிழக்கிலிருந்துதான். இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போகப் போக அவளுக்குப் பழகிடும் சாமி."

சாமி படங்களை அடுக்கினார். மூன்றாவதை மேலே வைத்து, பேனாவோடு நீட்டினார்.

"அப்ப இதுதானா?" என்றார் பிச்சாண்டி.

"உங்க மனசுல உட்கார்ந்து வீட்டை ஏழுமலையே பார்த்து முடிச்சுட்டாரு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."