முப்பத்திரண்டு கூவலும் ஒரு கூவலும்

புன்னை மடுவின் கரையில் செவந்தி என்ற ஆள்காட்டிப் பறவை வாழ்ந்துவந்தது. நீண்ட மஞ்சள் கால்களும் சிவந்த மூக்கும் கொண்ட அந்தப் பறவைக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. காக்கை பறந்தாலும் கத்தும், சருகு உருண்டாலும் கத்தும் என்று காடே அதைக் கேலி செய்தது.

அந்த ஆண்டு தை மாதத்திலேயே மற்றச் சுனைகள் எல்லாம் வற்றிப்போயின. தண்ணீர் மிஞ்சியது புன்னை மடுவில் மட்டும்தான். மான், பன்றி, முயல், மந்தி எல்லாம் அங்கேதான் வந்து குடித்தாக வேண்டும். செந்நாய்களுக்கும் இது தெரிந்துவிட்டது. பத்து நாளில் இரண்டு மான்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயின.

விலங்குகள் கூடிப் பேசின. விரிகொம்பன் என்ற கடமான் தலைமை தாங்கியது. வயதும் அனுபவமும் உள்ள மான் அது. முன்பொரு கோடையில் தன் கூட்டத்தில் பாதியைச் செந்நாய்களுக்குப் பறிகொடுத்திருந்தது. இனி ஒரு தவறும் நேரக்கூடாது என்ற பயம் அதன் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

விரிகொம்பன் ஒரு பெரிய திட்டத்தைச் சொன்னது. காடு முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை முறை. ஆபத்து எந்தத் திசையில் வருகிறது, எத்தனை பேர், எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கூவல். மொத்தம் முப்பத்திரண்டு கூவல்கள். வேலை ஐந்து படிகளில் நடக்கும். முதல் மாதம் எல்லாரிடமும் என்ன தேவை என்று கேட்பது. அடுத்த மாதம் திட்டத்தை வரைவது. மூன்றாவது மாதம் கூவல்களைப் பயில்வது. நான்காவது மாதம் எல்லாரையும் ஒரே சங்கிலியாக இணைப்பது. ஐந்தாவது மாதம் சோதித்துப் பார்ப்பது. ஒரு படி முடிந்துவிட்டால் முடிந்ததுதான், அதற்குத் திரும்பிப் போவது கிடையாது.

காய்ந்த களிமண் தரையில் கொம்பால் கோடு கிழித்து விரிகொம்பன் விளக்கியபோது எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். கோடுகள் அவ்வளவு நேராக இருந்தன.

செவந்தி மட்டும் முன்னால் நடந்து வந்தது.

"ஐயா, ஒரே ஒரு கூவலை இன்று மாலையே கூவிப் பார்த்தால் என்ன? தண்ணீர் குடிக்கிறவர்கள் காதில் அது விழுகிறதா என்றாவது தெரிந்துவிடுமே" என்று கேட்டது.

"சோதனை ஐந்தாவது படியில்" என்றது விரிகொம்பன். "அரைகுறையாகச் செய்த எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட மோசம். அதை நம்பி நாலு பேர் சாவார்கள்."

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. செவந்திக்கும் அது புரிந்தது. அதற்குப் பதில் தேடுவதற்குள் யாரோ பின்னாலிருந்து, சருகுக்குக் கத்துகிற பறவைக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது என்று சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது.

முதல் மாதம் கேட்பதில் போனது. முயல் கழுகுக்கு ஒரு கூவல் வேண்டுமென்றது. அணில் பாம்புக்கு ஒன்று கேட்டது. இரண்டாவது மாதம் வரைவதில் போனது. ஒருநாள் காலை, திட்டத்தின் பதினெட்டாவது கோட்டைப் பற்றி எல்லாரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, புதருக்குள்ளிருந்து செந்நாய்கள் பாய்ந்தன. மருதி என்ற புள்ளிமானின் குட்டி போய்விட்டது. பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

மருதி இரண்டு நாள் புல்லைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நேராக விரிகொம்பனிடம் போய் நின்றது.

"நாம் இப்போது எந்தப் படியில் இருக்கிறோம்?" என்று கேட்டது.

இரண்டாவது படியில், இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும் என்றது விரிகொம்பன். மருதி அங்கிருந்து நடந்து செவந்தியிடம் வந்தது.

"அந்த ஒரு கூவலைக் கூவிப் பார்ப்போம் வா" என்றது.

இப்படித்தான் ஆரம்பித்தது. மரத்தின் மேலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்று கருவாயன் என்ற மந்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். செந்நாயாக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. உருளி என்ற காட்டுப்பன்றி தானே முன்வந்தது. அதற்கு அந்த வேடம் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போயிற்று. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுவதும் திரிந்தது.

முதல் நாள் மாலை உருளி புதரிலிருந்து பாய்ந்தது. செவந்தி கத்தியது. குடித்துக்கொண்டிருந்த மான்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவற்றுக்குச் செவந்தி கத்துவது பழகிப்போயிருந்தது. உருளி மடுவுக்குள் விழுந்து எழுந்ததுதான் மிச்சம்.

செவந்திக்கு அவமானமாக இருந்தது. குறை யோசனையில் இல்லை, தன் தொண்டையில்தான் இருக்கிறது என்பது தெரிந்தது. அன்றிலிருந்து காக்கைக்கும் சருகுக்கும் அது வாய் திறக்கவில்லை. பிறவிப் பழக்கத்தை அடக்குவது எளிதாக இல்லை. சில நேரம் அலகை மண்ணுக்குள் குத்தி வைத்துக்கொண்டு நின்றது. செந்நாய்க்கு மட்டும் மூன்று முறை வெட்டி வெட்டிக் கூவுவது, நிறுத்தி மறுபடி மூன்று முறை கூவுவது என்று வைத்துக்கொண்டது.

ஏழு நாள் கழித்து மறுபடி முயன்றார்கள். இப்போது கரையில் நின்றவர்களுக்குக் கேட்டது. தண்ணீரில் முகத்தை வைத்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. காற்றில் மூங்கில்கள் உரசும் சத்தம் கூவலை விழுங்கிவிட்டது. மருதி யோசித்தது. கூவல் கேட்டதும் தான் குளம்பால் தரையை ஓங்கி உதைப்பதாகச் சொன்னது. காதில் விழாதது காலில் தெரியும் அல்லவா. மறுநாள் உதைத்துப் பார்த்தார்கள். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

ஆனால் நிமிர்ந்தவர்கள் கண்ட திசையில் ஓடினார்கள். பாதிப் பேர் உருளியின் மீதே போய் மோதினார்கள். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். உருளி எந்தப் பக்கம் வந்தாலும், கருவாயன் அதற்கு எதிர்ப்பக்க மரத்துக்குத் தாவி அங்கிருந்து குரல் கொடுக்கும். மந்தியின் குரல் வருகிற பக்கம் ஓடினால் போதும். புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதற்குள் மடுவுக்குத் தண்ணீர் குடிக்க வருகிற முயல்களும் மயில்களும் கேட்காமலே ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன. செவந்தி கரையோரச் சரளைக் குழியில் நான்கு முட்டைகள் இட்டு, அடைகாத்துக்கொண்டே ஒவ்வொரு மாலையும் கூவியது.

விரிகொம்பனுக்கு இது பொறுக்கவில்லை. மூன்றாவது படியில் கூவல் பயில்கிறவர்களின் காதை இந்தக் கூட்டம் கெடுக்கிறது என்று சீறியது. எல்லாரையும் அழைத்து, திட்டத்துக்கு வெளியே கூவுகிறவர்களுக்கு நாளை முதல் மடுவில் தண்ணீர் இல்லை என்று அறிவித்தது.

மறுநாள் காலை விலங்குகள் எல்லாம் கூடியிருந்த நேரத்தில் செவந்தி மடுவின் விளிம்புக்கு நடந்தது. விரிகொம்பன் குறுக்கே வந்து கொம்பைத் தாழ்த்தியது. ஒவ்வொரு கொம்பும் செவந்தியைப் போல மூன்று மடங்கு நீளம். இருந்தாலும் செவந்தி பின்வாங்கவில்லை.

"என் கூவலில் குறை இருந்தால் சொல்லுங்கள், இன்று மாலையே திருத்துகிறேன்" என்றது. "கூவாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கூவுவேன். தண்ணீரும் குடிப்பேன்."

சொல்லிவிட்டு, கொம்புகளுக்கு நடுவிலேயே குனிந்து அலகைத் தண்ணீரில் வைத்தது.

பிறகு மருதி வந்து செவந்தியின் பக்கத்தில் நின்று குடித்தது. கருவாயன் மரத்திலிருந்து இறங்கி வந்து குடித்தது. உருளி சேற்றில் புரண்டுகொண்டே குடித்தது. விரிகொம்பன் சிறிது நேரம் கொம்பைத் தாழ்த்தியபடியே நின்றது. பிறகு கொம்பை உயர்த்திக்கொண்டு தன் கோடுகளிடம் திரும்பிப் போனது.

சித்திரையில் திட்டம் நான்காவது படியை எட்டியது. ஒருநாள் வெயில் ஏறும் வேளையில் கிழக்குப் பக்கத்து வறண்ட ஓடை வழியாகப் பன்னிரண்டு செந்நாய்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து வந்தன.

திட்டத்தின் காவலாக மயில் ஒன்று பாறையில் நின்றது. கிழக்கிலிருந்து வருகிற நாய்க்கு ஒன்பதாவது கூவல். பத்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு இருபத்தொன்றாவது கூவல். ஆனால் நாய்கள் இரண்டாகப் பிரிந்து வந்தால் என்ன கூவுவது? அதற்குக் கோடு கிழிக்கப்படவில்லை. மயில் கழுத்தை நீட்டியபடி திகைத்து நின்றது. கீழே இருந்தவர்கள் அது ஒன்பதா இருபத்தொன்றா என்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சரளைக் குழியிலிருந்து செவந்தி எழும்பியது. மூன்று முறை வெட்டிக் கூவியது. நிறுத்தி மறுபடி மூன்று முறை கூவியது. மருதியின் குளம்பு தரையை உதைத்தது. கருவாயன் மேற்குக் கரை மரத்துக்குத் தாவிக் குரல் கொடுத்தது. புள்ளிமான்கள் ஓடின, முயல்கள் ஓடின. பயிலாதவர்களும் ஓடுகிறவர்களைப் பார்த்து ஓடினார்கள். மயிலும் பாறையை விட்டுப் பறந்தது.

விரிகொம்பன் மட்டும் ஓடவில்லை. திட்டத்தின்படி எல்லாரையும் நிறுத்த முயன்று, கடைசியில் மடுவின் நடுவில் கழுத்தளவு தண்ணீரில் அகப்பட்டுக்கொண்டது. நாய்கள் சுற்றி நின்றன. இரண்டு நாய்கள் தண்ணீருக்குள் இறங்கின.

செவந்தி திரும்பி வந்தது. முன்னால் நீந்திய நாயின் கண்ணைக் குறிவைத்து மேலிருந்து பாய்ந்தது, மறுபடி ஏறிப் பாய்ந்தது. இத்தனை நாள் செந்நாயாக நடித்த உருளி, நிஜச் செந்நாய்களின் மேல் கோரைப்பற்களைத் தாழ்த்திக்கொண்டு விழுந்தது. கரையில் ஒரு நாய் அலறிக்கொண்டு உருண்டது. வேட்டை கைவிட்டுப் போனதை நாய்கள் புரிந்துகொண்டன. ஒவ்வொன்றாக ஓடைக்குள் இறங்கி மறைந்தன.

அன்று ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். செவந்தி மட்டும் தன் குழியருகே தனியாக நின்றது. மேற்கே ஓடியவர்களின் வழி அந்தச் சரளை மேல்தான் போயிருந்தது. நான்கு முட்டைகளில் இரண்டு குளம்புகளின் கீழ் நசுங்கிக் கிடந்தன. இத்தனை மாலைகளில் உருளி ஒருமுறைகூட ஓடைப் பக்கமிருந்து வந்ததில்லை. அதனால் இந்த வழியாக யாரும் ஓடிப் பார்த்ததில்லை.

செவந்தி அந்த ஓடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய இரண்டையும் மெல்ல நெஞ்சுக்கடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

விரிகொம்பன் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றது. உயிர் காத்ததற்கு நன்றி சொன்னது. ஆனால் அதோடு விடவில்லை. அவசரப்பட்டதால்தானே இந்தக் குறை நேர்ந்தது, செவந்தியின் கூவலையும் சேர்த்து முப்பத்து மூன்றாக வைத்து, முதல் படியிலிருந்து திட்டத்தை மறுபடி தொடங்கலாம் என்றது.

செவந்தி நிமிர்ந்து பார்த்தது. கண்கள் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை.

"குறை இருக்கிறது. அதற்கு நான் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறேன்" என்றது. "இனி ஐந்து மாதம் காத்திருந்து பறிகொடுக்க என்னிடம் பிள்ளைகள் இல்லை. நாளைக் காலையில் உருளி ஓடைப் பக்கமிருந்து வரும். சரளையைச் சுற்றி ஓட ஒரு வழி கண்டுபிடிப்போம். கிடைக்காவிட்டால் நாளை மறுநாளும் ஓடுவோம்."

மறுநாள் காலை மடுக்கரையில் இடம் போதவில்லை. திட்டத்தில் கூவல் பயின்றவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கடைசியாக, தயங்கித் தயங்கி விரிகொம்பனும் வந்தது. தான் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கூவலைக் கூவ வேண்டும் என்று கேட்டது.

"நீங்கள் ஒன்றும் கூவ வேண்டாம்" என்றது செவந்தி. "தலையைக் குனிந்து தண்ணீர் குடியுங்கள். சத்தம் கேட்டால் ஓடுங்கள். கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று வந்து சொல்லுங்கள்."

விரிகொம்பன் மற்ற மான்களோடு வரிசையில் நின்று, தன் பெரிய கொம்புகளைத் தாழ்த்தி, முகத்தைத் தண்ணீரில் வைத்துக் காத்திருந்தது.

பலருக்கும் பயன்பட வேண்டிய ஒன்றைக் கடைசி நாள்வரை குறையில்லாமல் தீட்டிக்கொண்டிருப்பதைவிட, சிறிதாகச் செய்து, அதைப் பயன்படுத்துவோரிடமே அன்றன்று கொடுத்துப் பார்த்து, தவறைத் தயங்காமல் திருத்திக்கொண்டே போவதுதான் உயிரைக் காக்கும்.