கவசத்தில் ஒரு குழி

நல்லவர்கள் மூவர் கூடி ஒரு நல்லவனைச் சாகவிட்ட கதை இது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நானே தவித்திருக்கிறேன். நீங்களாவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

மருதக்கோட்டைப் பாளையத்தில் வீரர்கள் எல்லாருக்கும் ஒரே உடுப்பு என்று ஆணை வந்தது. மார்போடு இறுகப் பிடிக்கும் இரும்புக் கவசம். அதற்கடியில் சட்டையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. சட்டையின் கைகள் மட்டும் தொளதொளவென்று இருக்கும். துளசிமணி போட்டவர்களும் தாயத்துக் கட்டியவர்களும் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டார்கள். மல்லையன் மட்டும் படைத்தலைவர் திருமலையப்பரின் முன்னால் வாளை வைத்துவிட்டு நின்றான். அவன் வீரசைவன். கழுத்திலிருந்து சிமிழில் தொங்கும் லிங்கம் சாகும்வரை உடம்பைப் பிரியக் கூடாது. தொப்புளுக்குக் கீழே இறங்கவும் கூடாது.

“நான் ஊருக்கே போயிடறேனுங்க.”

“நீ இல்லாம நான் சண்டைக்குப் போறதா? லிங்கமும் இருக்கட்டும், நீயும் இரு” என்றார் திருமலையப்பர். கொல்லன் பேச்சிமுத்துவை அழைத்து, மல்லையனின் கவசத்தில் நெஞ்சுக்கு நேரே சிமிழ் அடங்குமளவு ஒரு குழி தட்டச் சொன்னார். வேறு யாருக்கும் கிடைக்காத சலுகை. மல்லையன் பூரித்துப் போனான்.

வேலையை முடித்த கொல்லன் தலைவரிடம் சொன்னான்: “குழி விழுந்த இடத்துல தகடு மெலிஞ்சு போச்சுங்க. அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“சொல்றேன்” என்றார். சொன்னால் மறுபடி வாளை வைத்துவிடுவானோ என்று பயம். சொல்லவில்லை.

வீட்டில் மனைவி நீலம்மை கவசத்தைத் தடவிப் பார்த்தாள். “இதுக்கு எதுக்கு இத்தனை பாடு? லிங்கத்தைக் கையில கட்டிக்கலாமே. எங்க அண்ணன் கட்டலையா?”

“அட, எனக்குத் தோணவே இல்லை பாரு! ஆனா தலைவரு ஆசையாச் செய்யச் சொன்னது. இப்பப் போய் வேண்டாம்னா மனசு நோகும். நீயும் வாயைத் திறக்காதே.”

அவள் திறக்கவில்லை. அடுத்த சண்டையில் எதிரியின் ஈட்டி அந்தக் குழியில்தான் பாய்ந்தது.

அவர்கள் வழக்கப்படி மல்லையனை உட்காரவைத்து அடக்கம் செய்தார்கள். லிங்கத்தைச் சிமிழிலிருந்து எடுத்து அவன் இடது உள்ளங்கையில் வைத்தபோது திருமலையப்பர் பதறினார். “மார்புலதானே இருக்கணும்?”

“உடம்போட இருந்தாப் போதுமுங்க” என்றாள் நீலம்மை. “கையிலயும் கட்டிக்கலாம். நீங்க வருத்தப்படுவீங்கன்னு அவருதான் சொல்ல வேண்டாம்னுட்டாரு.”

அவர் அந்த மண்மேட்டிலேயே உட்கார்ந்து, தன்னால்தான் என்று அழுதார். வாயை மூடியிருந்த நான்தான் காரணம் என்றாள் நீலம்மை. அவனிடமே சொல்லாமல் போனேனே என்று கொல்லன் தலையில் அடித்துக்கொண்டான்.

சொல்லுங்கள், மல்லையன் சாவுக்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: நீலம்மைக்குக் கையில் கட்டலாம் என்று தெரியும், தகடு மெலிந்தது தெரியாது. கொல்லனுக்குத் தகடு தெரியும். வேறு வழி இருப்பது தெரியாது, சொல்ல வேண்டியவரிடம் சொல்லியும்விட்டான். ஆபத்தை அறிந்தும் மறைத்தவர் திருமலையப்பர்தான். “தகடு மெலிஞ்சிருக்கு, வேற வழி உண்டா?” என்று அவர் கேட்டிருந்தால், மல்லையன் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருப்பான். பொறுப்பு அவருடையதே. ஆனாலும் இந்தத் தீர்ப்பைச் சொல்லும்போது எனக்கு வாய் கசக்கிறது. அந்தப் பாளையத்தில் மல்லையனின் லிங்கத்துக்கு இடம் கொடுக்க நினைத்தவரும் அவர் ஒருவர்தான்.