அடுத்தவன் கை

கிட்ட வந்து உட்காருங்க. கத்திச் சொல்லுற கதை இல்ல இது.

"பழைய எரிபொருளே இருக்கட்டும்மா. அனுப்ப வேண்டாம்" என்றான் ஆவுடையப்பன்.

கடற்கரையோரம் ஒரு சின்ன அணு உலை. கரண்டு எடுக்கிற உலை இல்ல. ஆஸ்பத்திரிக்கு மருந்து செய்து கொடுக்கிற ஆராய்ச்சி உலை. அதுக்குத் தலைவி செங்கமலம் அம்மா. எரிபொருள் அறைக்குச் சாவிக்காரன் ஆவுடையப்பன்.

அந்த எரிபொருள் ரொம்ப வீரியம். திருடன் கையில் கிடைத்தால் குண்டாகிவிடும். அதனால் அந்த அறைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. ரெண்டு சாவி, ரெண்டு ஆள். ஒருத்தன் கையை அடுத்தவன் பார்த்துக்கொண்டே நிற்கணும். இன்னொரு சாவி கூட வேலை பார்க்கிற யூஜினிடம். இப்போ அதைத் திருப்பி அனுப்பிட்டு, குண்டு செய்ய முடியாத, வீரியம் குறைந்த எரிபொருளைப் போடுறதா ஏற்பாடு.

"வீரியம் குறைந்ததைப் போட்டால் உலை எரியாதா?" என்று கேட்டார் அம்மா.

"நெருக்கி அடைச்சா எரியும்."

"மருந்து குறையுமா?"

"குறையாதுன்னு நீங்கதானே கணக்குப் போட்டுக் காட்டினீங்க."

"பிறகு என்ன?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தான்.

"புதுசு வந்துட்டா அறைக்கு ஒரு ஆள் போதுமாம். யூஜினைப் பம்பு ஹவுசுக்கு மாத்துறாங்க."

"ஓ. சிநேகிதரா?"

"பத்து வருஷமா பக்கத்துலயே நிக்கான்."

"நான் அதைக் கேட்கல."

"அவன் கையை நல்லாத் தெரியும்மா. இடது கட்டைவிரல்ல ஒரு தழும்பு."

"எப்படி வந்ததாம்?"

"கேட்டதில்ல. பேச்சுக் கொடுத்தா கவனம் போயிரும்லா? வெளியேயும் பழகக் கூடாது. ரெண்டு சாவியும் கூட்டுச் சேர்ந்துட்டா என்ன ஆகுறது?"

"வீட்டில யாரு இருக்கா?"

"எனக்கா? நாந்தான்."



பழைய எரிபொருள் இரும்புப் பெட்டிகளில் ஏறி, துப்பாக்கிக்காரங்க காவலோட, வந்த நாட்டுக்கே கப்பலில் திரும்பிப் போனது. புதுசு வந்தது. ஒரே சாவி. ஆவுடையப்பன் கதவைத் திறந்தான். பழக்கத்தில் பக்கவாட்டில் பார்த்தான். சுவர் இருந்தது.

அம்மாவிடம் வந்து நின்றான்.

"இன்னைக்கு என்னைப் பார்க்க ஆளே இல்லம்மா."

"இனிமே பழகக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா எப்படின்னு தெரியல."

அம்மா எழுந்து கேன்டீனுக்கு நடந்தார். அவனும் பின்னாலேயே போனான்.

மூலை மேஜையில் யூஜின் தனியாக இருந்தான். டீ ஆறிப்போய்க் கிடந்தது. ரெண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தான், யாரோ பார்க்கணும் என்கிற மாதிரி.

ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்தான். அவன் கையும் தானாக மேஜைக்கு வந்தது.

இவன் அவன் கையைப் பார்த்தான். அவன் இவன் கையைப் பார்த்தான். முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கல.

அம்மா டீ கிளாசை ஓரமாக நகர்த்தினார். பக்கத்து மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்தார். அதை விரித்து நாலு கையையும் மூடிவிட்டு, வெளியே போய்விட்டார்.